கால்சியம் ரியாக்டரில் கேஸ் சீராக வரவில்லையா? எங்கே தேடுவது, எந்த வரிசையில் தேடுவது

பவளம் வளர்க்கும் கடல்நீர் டேங்குக்குக் கால்சியமும் காரத்தன்மையும் கொடுப்பது கால்சியம் ரியாக்டர்: சிலிண்டரிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு அதற்குள் இருக்கும் மீடியாவை (கால்சியம் கார்பனேட் துண்டுகள்) கரைக்கும். காலையில் எண்ணினால் பபிள் கவுண்டரில் (கேஸ் குமிழியாகப் போவதைக் காட்டும் சின்னக் குப்பி) நிமிடத்துக்கு 40 குமிழி, மதியம் 15, ராத்திரி விளக்கு அணைந்த பிறகு எண்ணவே முடியாத வேகம். உடனே கை, கேஸ் வரத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வுக்குத்தான் போகும். கொஞ்சம் திருகினால் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும், மறுநாள் அதே கதை. அதனால் முதல் விதி: காரணம் தெரியும்வரை நீடில் வால்வைத் தொடாதீர்கள். கோளாறு சிலிண்டரிலிருந்து சம்ப் (டேங்கோடு இணைந்த கீழ்த்தொட்டி) வரை எட்டு பத்து இடங்களில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம், அதில் பாதி இடங்கள் கேஸ் பக்கமே இல்லை, தண்ணீர் பக்கம். வால்வைத் திருகிக்கொண்டே இருந்தால் உண்மையான கோளாறோடு நீங்கள் உண்டாக்கிய கோளாறும் சேர்ந்துகொள்ளும், அப்புறம் எது எதுவென்று பிரிக்க முடியாது.

தேடத் தொடங்கும் முன் ஒரு கணக்கு

உங்கள் டேங்குக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கேஸ் வேண்டும் என்று தெரியாமல் "கூட வருகிறது", "குறைவாக வருகிறது" என்று பேசுவதில் அர்த்தமில்லை. 400 லிட்டர் ரீஃப் டேங்க் என்று வைத்துக்கொள்வோம், பவளங்கள் நாளுக்கு 1.5 டிகேஎச் (நீரின் காரத்தன்மையான கேஎச்சின் அலகு) தின்கின்றன, டேங்க் நீரில் இருப்பது 8 டிகேஎச், ரியாக்டரிலிருந்து வெளியேறும் நீர் 25 டிகேஎச். ஒவ்வொரு லிட்டரும் 17 டிகேஎச் கூடுதலாகக் கொண்டுவருகிறது, ஆக 400 × 1.5 ÷ 17 என்று போட்டால் நாளுக்குச் சுமார் 35 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 24 அல்லது 25 மில்லி வெளியேற வேண்டும்.

இதற்கு நாளுக்குச் சுமார் 10.7 கிராம் மீடியா கரையும். ஒரு மூலக்கூறு கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு வேண்டும் என்பதால் 4.7 கிராம் கேஸ் அதற்கே போகும். கரைக்காமல் வெளியேறும் நீரோடு சேர்ந்து போகும் கேஸ் தனி, உள்ளே பிஎச் 6.5 பக்கம் ஓட்டினால் அது இன்னும் ஒரு மூன்று கிராம் இருக்கும். மொத்தம் எட்டு கிராம் என்று வையுங்கள். இந்த டேங்கில் இரண்டு கிலோ சிலிண்டர் எட்டு மாதம் ஓட வேண்டும். இரண்டே மாதத்தில் தீர்ந்தால் எங்கோ கசிகிறது, குமிழி எண்ணிக்கை எப்படி இருந்தாலும் சரி. உங்கள் எண்களை இதில் போட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

எந்த மாதிரி மாறுகிறது என்று கவனியுங்கள்

இரண்டு மூன்று நாள் எதையும் தொடாமல் குறித்து வையுங்கள்: நேரம், குமிழி எண்ணிக்கை, ரெகுலேட்டரின் (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துத் தருவது) இரண்டு கேஜ் (பெரியது சிலிண்டரின் அழுத்தம், சிறியது வெளியேறும் அழுத்தம்), ரியாக்டருக்குள் பிஎச், நிமிடத்துக்கு எத்தனை மில்லி நீர் வெளியேறுகிறது, அறையின் வெப்பம். கடைசி இரண்டையும் யாரும் குறிப்பதில்லை, ஆனால் பாதிக் கோளாறுகள் அங்கேதான் பிடிபடும். வெளியேறும் நீரை அளக்க ஒரு அளவுக் குவளையும் கைக்கடிகாரமும் போதும்.

நாள்பட மெதுவாகக் குறைந்துகொண்டே போனால் அடைப்பு அல்லது உள் அழுத்தம் ஏறுவது. மெதுவாகக் கூடிக்கொண்டே போனால் ரெகுலேட்டரின் சீட் (உள்ளே கேஸை அடைக்கும் இடம்) கசிவு, இல்லை சிலிண்டர் தீரும் தறுவாய். விட்டு விட்டு வந்தால் சோலனாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வ்), செக் வால்வ் (ஒரே திசையில் மட்டும் விடுவது), குழாயில் நிற்கும் தண்ணீர். பகலில் ஒன்று இரவில் ஒன்று என்றால் அறை வெப்பத்தைப் பாருங்கள், இல்லாவிட்டால் பிஎச்சைப் பார்த்து சோலனாய்டைத் திறந்து மூடும் கண்ட்ரோலர் செய்கிற வேலை. இது முழுமையான தீர்ப்பு இல்லை, எங்கே முதலில் கை வைக்கலாம் என்பதற்குத்தான்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு சோதனை: ரியாக்டரைக் கழற்றிவிடுங்கள்

பத்து நிமிட வேலைதான், ஆனால் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். ரியாக்டருக்குப் போகும் கேஸ் குழாயை ரியாக்டர் பக்கம் கழற்றுங்கள் (தண்ணீர் திரும்பி வராதபடி அங்கே இருக்கும் வால்வை மூடிவிட்டு). அந்த முனையை ஒரு பாட்டில் தண்ணீரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விடுங்கள். சோலனாய்டைக் கண்ட்ரோலரிலிருந்து எடுத்து நேரடியாகப் பிளக்கில் செருகுங்கள். இப்போது எதிர் அழுத்தம் என்று எதுவும் இல்லை, கண்ட்ரோலரும் குறுக்கே வராது. நான்கைந்து மணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி, அப்படியே விட்டு நடுநடுவே எண்ணுங்கள்.

குமிழி அசையாமல் ஒரே வேகத்தில் வந்தால் சிலிண்டர், ரெகுலேட்டர், நீடில் வால்வ் மூன்றும் ஓரளவு நல்லவை, கோளாறு ரியாக்டர் பக்கம். இங்கேயும் தாறுமாறாக வந்தால் ரியாக்டரைப் பார்க்கவே வேண்டாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் புது ரெகுலேட்டர் வாங்குகிறவர்கள் நிறைய.

சோதனை நேரத்தில் அறைக் கதவைத் திறந்து வையுங்கள், கேஸ் காற்றைவிடக் கனமானது, மூடிய கேபினில் தேங்கும். ரியாக்டர் நிற்கிற நாட்களில் கேஎச் விழாமல் இருக்கச் சமையல் சோடா போடலாம்: 400 லிட்டருக்கு 12 கிராம் போட்டால் 1 டிகேஎச் ஏறும், நாளுக்கு அதற்குமேல் ஏற்ற வேண்டாம்.

கேஸ் பக்கம்: சிலிண்டரிலிருந்து

பெரிய கேஜைப் பார்த்து "பாதி இருக்கிறது" என்று சொல்ல முடியாது. சிலிண்டருக்குள் இருப்பது திரவம், அதன் மேல் நிற்கும் ஆவியின் அழுத்தத்தைத்தான் கேஜ் காட்டுகிறது. 20 டிகிரியில் சுமார் 830 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் 1,050 பக்கம். கடைசித் துளி திரவம் இருக்கும்வரை இது இறங்காது, திரவம் தீர்ந்ததும் கிடுகிடுவென்று விழும். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம், ஆவி என்ற வேறுபாடே இருக்காது, எவ்வளவு நிரப்பியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து முள் இன்னும் மேலே போகும். ஏசி இல்லாத அறையில் சென்னை மே மாத மதியம் முள் ஏறி நிற்பது கோளாறு இல்லை. எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் சிலிண்டரை எடை போடுங்கள், காலி எடை சிலிண்டரின் தோளில் அடித்திருப்பார்கள்.

தீரும் தறுவாயில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒற்றை நிலை ரெகுலேட்டரில் (அழுத்தத்தை ஒரே படியில் குறைப்பது) உள்ளே வரும் அழுத்தம் விழ விழ வெளியேறும் அழுத்தம் ஏறும், அதன் அமைப்பே அப்படி. ஆக கேஸ் குறையும் நேரத்தில் ரியாக்டருக்குள் கேஸ் கொட்டும். பெரிய கேஜ் 500 பிஎஸ்ஐக்குக் கீழே போன அன்றே சிலிண்டரை மாற்றிவிடுங்கள், மிச்சத்தைச் சிக்கனம் பார்க்காதீர்கள். இரட்டை நிலை ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம்.

தீயணைப்பு சிலிண்டரை வாங்கி ரியாக்டருக்கு வைப்பவர்கள் உண்டு. அதில் வால்விலிருந்து அடிவரை ஒரு குழாய் இறங்கும், நிமிர்த்தி வைத்தால் திரவமே வெளியே வரும்படி. அந்தக் குழாயை கேஸ் நிரப்பும் இடத்தில் எடுக்கச் சொல்லாமல் ரெகுலேட்டரை மாட்டினால், திரவம் ரெகுலேட்டருக்குள் புகுந்து அழுத்தம் எகிறும், உள்ளே இருக்கும் சீட் கெட்டுப்போகும். சாதாரண சிலிண்டரைப் படுக்க வைத்தாலும் இதே கதிதான். நிமிர்த்தி, சங்கிலி போட்டுக் கட்டி வையுங்கள்.

அடுத்து இணைப்பு. சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் வாஷர் ஒரு முறை அழுந்தினால் அடுத்த முறை சரியாக அடைக்காது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுசு போடுங்கள். அங்கே டெஃப்ளான் டேப் சுற்றுவதில் பயனில்லை, அடைப்பது வாஷர்தான், மரை இல்லை. மாட்டிய பிறகு ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர், வீட்டு கேஸ் அடுப்புக்குப் பார்ப்பது போலவே. நுரை வராத அளவுக்கு நுண்ணிய கசிவைப் பிடிக்க இன்னொரு வழி: சிலிண்டர் வால்வையும் நீடில் வால்வையும் மூடிவிட்டு இரண்டு கேஜும் எங்கே நிற்கின்றன என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு ராத்திரி கழித்துப் பாருங்கள். அறை வெப்பம் மாறியதால் ஏற்படும் சின்ன அசைவைத் தவிர முள் இறங்கக் கூடாது.

ரெகுலேட்டரும் நீடில் வால்வும்

நீடில் வால்வை முழுதாக மூடி, சிறிய கேஜை 15 பிஎஸ்ஐயில் வைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். 15 பதினெட்டாகி, இருபத்திரண்டாகி ஏறிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் சீட்டில் தூசியோ கீறலோ இருக்கிறது, ரெகுலேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். நின்ற இடத்தில் நின்றால் ரெகுலேட்டர் நல்லது.

வேலை செய்யும் அழுத்தத்தைப் பலர் 3, 4 பிஎஸ்ஐ என்று மிகக் குறைவாக வைக்கிறார்கள், கேஸ் குறைவாக வரட்டும் என்று நினைத்து. அது தப்பு. ரியாக்டருக்குள் 2 பிஎஸ்ஐ எதிர் அழுத்தம் இருந்து அது ஒன்று கூடினாலே உங்கள் ஓட்டம் பாதியாகிவிடும். 15 முதல் 20 வரை வைத்து நீடில் வால்வை அதிகம் மூடி ஓட்டினால் அதே ஒரு பிஎஸ்ஐ மாற்றம் கண்ணுக்கே தெரியாது. தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் இருக்கட்டும், அவ்வளவுதான். குமிழி வேகம் ஒரு வாரத்தில் தானாக மாறுகிறது என்ற புகாரில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடும்.

நீடில் வால்வைத் திருகும்போது எப்போதும் மூடிய நிலையிலிருந்து திறக்கும் திசையில் போய் நிறுத்துங்கள். அதிகம் திறந்துவிட்டால் மறுபடி மூடிவிட்டுத் தொடங்குங்கள், பின்னோக்கி வந்து நிறுத்தினால் மரையின் ஆட்டத்தால் கொஞ்ச நேரத்தில் நழுவும். ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு கால் மணி நேரம் விடுங்கள். மலிவான வால்வில் முதல் கால் சுற்றிலேயே ஒன்றுமில்லாததிலிருந்து அருவிவரை போய்விடும், அதை வைத்து நிமிடத்துக்கு 30 குமிழியில் நிறுத்தப் பார்ப்பது வீண் பாடு. ஃபேப்கோ என்வி-55 மாதிரி ஒன்றையோ, வசதி இருந்தால் ஸ்வேஜ்லாக் மீட்டரிங் வால்வையோ போட்டுவிட்டால் நிம்மதி.

சோலனாய்டு தொட்டால் சூடாக இருப்பது இயல்பு. மின்சாரத்தை எடுத்த பிறகும் சில நிமிடம் குமிழி வருவதும் இயல்பே, நடுவில் அடைபட்ட கேஸ் வெளியேற நேரம் எடுக்கும். அரை மணி கழித்தும் வந்துகொண்டிருந்தால் உள்ளே அழுக்கு, அது முழுதாக மூடவில்லை. டிக் என்ற சத்தமே இல்லாமல் இருந்தால் அதன் காயில் (கம்பிச் சுருள்) எரிந்துபோயிருக்கும்.

பபிள் கவுண்டர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்

குமிழி ஒரு அளவே இல்லை. முனையின் விட்டம், உள்ளே இருக்கும் திரவம், அழுத்தம் எல்லாம் சேர்ந்து குமிழியின் அளவைத் தீர்மானிக்கின்றன. பபிள் கவுண்டர் இருப்பது ரியாக்டரின் அழுத்தத்தில், உள்ளே 5 பிஎஸ்ஐ இருந்தால் அதே அளவுக் குமிழியில் மூன்றில் ஒரு பங்கு கேஸ் கூடுதலாக இருக்கும். எண்ணிக்கை குறைந்திருக்கிறது, பிஎச் அசையவே இல்லை என்று குழம்புகிறவர்களுக்கு விடை பெரும்பாலும் இதுதான். வேறொருவரின் "நிமிடத்துக்கு 60 குமிழி" உங்களுக்கு உதவாது.

தண்ணீர் ஊற்றியிருந்தால் உலர்ந்த கேஸ் அதை மெதுவாக இழுத்துக்கொண்டு போய்விடும், மட்டம் இறங்கும், எண்ணிக்கை மாறும். மினரல் ஆயிலோ கிளிசரினோ ஊற்றுங்கள். கிளிசரின் கெட்டியாக இருப்பதால் குமிழி பெரிதாக, நிதானமாக வரும், பயப்பட வேண்டாம்.

செக் வால்வைப் பற்றி ஒரு வார்த்தை: காற்று பம்புக்கு விற்கும் பத்து ரூபாய் பிளாஸ்டிக் வால்வை இங்கே போடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் விறைத்து ஒட்டிக்கொள்ளும், கேஸ் சேர்ந்து சேர்ந்து அழுத்தம் ஏறி 'பக்'கென்று ஒரு கொத்தாக வெளியேறும், மறுபடி அமைதி. விட்டு விட்டு வருவதற்கு இது பழைய குற்றவாளி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செக் வால்வ் ஒன்று பபிள் கவுண்டருக்கு முன்னும் ஒன்று பின்னும் இருந்தால் உப்பு நீர் ரெகுலேட்டர்வரை ஏறி அதைத் துருப்பிடிக்க வைக்காது. சிலிக்கான் குழாய் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு சுவரைத் தாண்டிக் கசியும், பாலியூரித்தேன் குழாய் போடுங்கள். குழாய் தொங்கி வளைந்து தண்ணீர் தேங்கும் இடம் இருந்தால் அதையும் நேராக்குங்கள்.

தண்ணீர் பக்கம்: இங்கேதான் பலருக்குத் தவறுகிறது

பாட்டில் சோதனையில் கேஸ் சீராக வந்தது, ரியாக்டரில் மாட்டினால் மாறுகிறது என்றால் முதல் சந்தேகம் வெளியேறும் குழாய் மேல். ரியாக்டரிலிருந்து வரும் நீரில் கரைந்த கேஸ் வெளியேறும் இடத்தில் பிஎச் ஏறி, கால்சியம் கார்பனேட் மறுபடி படியும். சரியாக அந்த இடத்தில்தான் நாம் ஒரு சின்ன வால்வை வைத்து நிமிடத்துக்கு 25 மில்லியாக நெரிக்கிறோம். அதில் பாக்டீரியா வழவழப்பும் சேர்ந்தால் மூன்று நான்கு நாளில் 25 பதினைந்தாகும். அப்போது உள்ளே அழுத்தம் ஏறும், கேஸ் வரத்து குறையும். ஆனால் தண்ணீரும் குறைவாக ஓடுவதால் பிஎச் கீழே போகும், கண்ட்ரோலர் சோலனாய்டை மூடும். பார்க்கிறவருக்கு "கேஸ் வரவில்லை" என்று மட்டும் தெரியும்.

வால்வைக் கழற்றி வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊற வைத்தால் தற்காலிகத் தீர்வு. நிரந்தரத் தீர்வு என்று நான் சொல்வது தொடர்ந்து ஓடும் வகை பெரிஸ்டால்டிக் பம்ப்தான் (குழாயை உருளைகளால் அழுத்தி நீரைத் தள்ளுவது), காமோயர் எஃப்எக்ஸ்-எஸ்டிபி போல. மருந்து போடும் சின்ன டோசிங் பம்ப் இதற்கு ஆகாது, 24 மணி நேரமும் ஓட்டினால் சீக்கிரம் படுத்துவிடும். அதை வெளியேறும் பக்கம் வைத்து ரியாக்டரிலிருந்து இழுக்க விடுங்கள், உள்ளே வரும் குழாய் சம்பிலிருந்து தடையில்லாமல் வரட்டும். அப்போது ரியாக்டருக்குள் அழுத்தம் ஏறாது, கேஸ் வரத்தும் தண்ணீர் வரத்தும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. பம்புக்குள் இருக்கும் குழாய் தேயும், அதை மட்டும் காலாகாலத்தில் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது சந்தேகம் மேலே சேரும் கேஸ். ரியாக்டரின் உச்சியில் ஒரு காற்றுப் பை உருவாகி, சுழற்சி பம்ப் கரகரவென்று சத்தம் போட்டால் கேஸ் கரையாமல் மிஞ்சுகிறது. அந்தப் பம்ப் விக்கி விக்கி ஓடும்போது அதன் உறிஞ்சும் பக்கம் இணைத்திருக்கும் கேஸ் குழாயும் அதே தாளத்தில் இழுபடும். அது கார்பன் டை ஆக்சைடா, வெறும் காற்றா என்று தெரிய, கேஸை மூடிவிட்டு உச்சியில் இருக்கும் திருகைத் திறந்து பையை வெளியேற்றி, சில மணி நேரம் ஓட விடுங்கள். மறுபடி பை சேர்ந்தால் அது காற்று: பம்பின் உறிஞ்சும் பக்க மூட்டில் கசிவு, அல்லது சம்பிலிருந்து நுண்குமிழிகள் வருகின்றன. சேரவில்லை என்றால் நீங்கள் கொடுக்கும் கேஸ் அதிகம், அல்லது சுழற்சி போதவில்லை.

மீடியாவையும் ஒரு பார்வை. பிஎச்சை 6.5-க்குக் கீழே நெடுநாள் ஓட்டினால் பல மீடியாக்கள் குழைந்து சேறாகும், தண்ணீர் ஒரே பாதையில் ஓடும், மற்ற இடமெல்லாம் அப்படியே நிற்கும். கழற்றி அலசி, பொடியைக் கொட்டிவிட்டுப் புதிய கரடு மீடியா நிரப்புங்கள்.

பிஎச் ப்ரோபும் கண்ட்ரோலரும்

பிஎச்சை அளக்கும் முனையான ப்ரோப் பொய் சொன்னால் கண்ட்ரோலர் அந்தப் பொய்க்கு ஏற்ப கேஸைத் திறந்து மூடும். பிஎச் 7, 4 என்ற இரண்டு பஃபரிலும் (பிஎச் தெரிந்த கரைசல்) சரிபார்க்க வேண்டும், நம் வேலை நடப்பது இவற்றுக்கு நடுவே என்பதால் 10 பஃபர் இங்கே தேவையில்லை. வழவழப்பைக் கழுவுங்கள். பஃபரில் நிலைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தால், அல்லது ஒன்றரை வருடத்தைத் தாண்டியிருந்தால், புதிது வாங்குங்கள். பம்பையோ ஹீட்டரையோ அணைக்கும்போது எண் குதித்தால் தண்ணீரில் மின்கசிவு இருக்கிறது, அதை முதலில் பாருங்கள், அது பிஎச்சைவிட முக்கியமான விஷயம்.

கண்ட்ரோலரை எப்படி வைப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. கேஸை அதிகம் திறந்துவிட்டு கண்ட்ரோலரே திறந்து மூடி 6.6-ல் வைக்கட்டும் என்பது ஒன்று. என் கட்சி வேறு: நீடில் வால்வையும் தண்ணீர் ஓட்டத்தையும் வைத்தே பிஎச் 6.6 முதல் 6.7-க்குள் நிற்கும்படி அமைத்துவிட்டு, கண்ட்ரோலரை 6.4-ல் மூடும் காவலாளியாக மட்டும் வையுங்கள். சோலனாய்டு நாள் முழுதும் திறந்தே இருக்கும், திறந்து மூடும்போது வரும் துள்ளல் இருக்காது, ப்ரோப் சற்று விலகினாலும் டேங்குக்கு எதுவும் ஆகாது.

சரிசெய்த பிறகு அமைக்கும் வரிசை

முதலில் தண்ணீர் ஓட்டம், கணக்கில் வந்த மில்லிக்கு. அது ஒரு நாள் மாறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கேஸ். குறைவாகத் தொடங்கி, ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் கொஞ்சம் கூட்டி, மறுநாள் வெளியேறும் நீரின் கேஎச்சை அளந்து பாருங்கள். டெஸ்ட் கிட்டின் ரீஏஜென்ட் (சோதனைத் திரவம்) சீக்கிரம் தீராமல் இருக்க ஒரு பங்கு நீரோடு மூன்று பங்கு ஆர்ஓ நீர் கலந்து அளந்து நான்கால் பெருக்கலாம். தண்ணீரையும் கேஸையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும்.

டேங்கின் கேஎச்சைத் தினமும் ஒரே நேரத்தில் ஒரு வாரம் அளங்கள். ஏறினால் தண்ணீர் ஓட்டத்தைக் கொஞ்சம் குறையுங்கள், இறங்கினால் கூட்டுங்கள், கூடவே கேஸும் அதே விகிதத்தில் மறுநாள் மாறட்டும். அந்த வாரம் முழுவதும் குமிழி எண்ணிக்கை நாலைந்து மாறினாலும், வெளியேறும் நீரின் கேஎச் நிலையாக இருந்தால் விட்டுவிடுங்கள். இதற்கிடையில் இரண்டு மூன்று வாஷரும் பெரிஸ்டால்டிக் பம்புக்கு ஒரு மாற்றுக் குழாயும் வாங்கி வையுங்கள். சிலிண்டர் பெரும்பாலும் கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான் தீரும்.